சராசரி 20 வர வேண்டிய இடத்தில் 29 வருகிறது: நொதி எண்ணிக்கையும் தற்போக்கும்

உலைக்கூடம்_ஜூரோங் | வெள்ளி, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் வினையூக்கி உலைகளின் கணித மாதிரிகளோடு பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். உலைக்குள் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்று அங்கே யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. செறிவு, வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றை வகைக்கெழுச் சமன்பாடுகளில் இட்டால் விடை கிடைக்கும். அந்த விடை மறுநாள் ஆய்வகத்திலிருந்து வரும் அளவீட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். இவ்வாண்டு பகுதிநேர முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். ஒரு பாக்டீரியாவுக்குள் ஒரு நொதி உருவாவதையும் அழிவதையும் மூலக்கூறு மூலக்கூறாகக் கணினியில் உருவகப்படுத்தும் பயிற்சியை அதில் தந்திருக்கிறார்கள். மூன்று இரவுகளாக அதிலேயே நிற்கிறேன்.

மாதிரி எளியதுதான். நொதி ஒன்றொன்றாக உருவாவதில்லை. மரபணுவின் செய்தியை நகலெடுத்துச் செல்லும் தூது ஆர்.என்.ஏ ஒன்று தோன்றி மறைவதற்குள் அதிலிருந்து ஒரு கொத்து நொதி மூலக்கூறுகள் வெளிவந்துவிடுகின்றன. கொத்துக்குச் சராசரியாக 9 மூலக்கூறுகள். ஆனால் கொத்தின் அளவு தற்போக்காக மாறுகிறது, சில கொத்துகளில் ஒன்றும் இருப்பதில்லை, சிலவற்றில் முப்பதும் வரும். நிமிடத்துக்குச் சராசரியாக 0.222 கொத்துகள் வருகின்றன. உருவான ஒவ்வொரு மூலக்கூறும் நிமிடத்துக்கு 0.1 என்ற வீதத்தில் அழிகிறது. ஆக நிமிடத்துக்கு 0.222 பெருக்கல் 9, அதாவது 2 மூலக்கூறுகள் உருவாகின்றன, அதை 0.1 ஆல் வகுத்தால் நிலைபெற்ற சராசரி 20.

அடுத்த நிகழ்வு எப்போது, எது என்பதைத் தற்போக்கு எண்களால் முடிவுசெய்யும், டேனியல் கில்லெஸ்பி 1976லும் 1977லும் எழுதிய வழிமுறையை அப்படியே நிரலாக்கினேன். ஒரு மில்லியன் நிகழ்வுகளை ஓடவிட்டால் சராசரி 29 வருகிறது. தற்போக்கு எண்களின் தொடக்க விதையை மாற்றினாலும் 29தான். மூலக்கூறுகள் சிலவே இருக்கும்போது சராசரிச் சமன்பாடு பொய்த்துப்போகும் என்று படித்திருக்கிறேன். இந்த 9 வேறுபாடு அந்தப் பொய்த்தலின் அளவுதானா, அல்லது என் நிரலில் பிழையா?

எண்ணும்_எழுத்தும் | வெள்ளி, இரவு 11.05

ஐயா, இது சமன்பாட்டின் பிழை அன்று என்பதை நிரலைப் பார்க்காமலே சொல்ல முடியும். உங்கள் மாதிரியில் உருவாகும் வீதம் மாறிலி. அழியும் வீதம் எண்ணிக்கைக்கு நேர்விகிதம். இப்படி எல்லா வீதங்களும் எண்ணிக்கையில் ஒருபடியாகவே அமைந்த மாதிரியில், மூலக்கூறுகள் ஐந்தே இருந்தாலும் சராசரிச் சமன்பாடு தோராயம் ஆகாது, அது துல்லியமான உண்மை. சராசரி பிறழ்வது இரு மூலக்கூறுகள் மோதி வினைபுரியும்போதும், நிறைவுநிலை எட்டும் வளைகோடுகள் நுழையும்போதும்தான். உங்கள் மாதிரியில் அவை இரண்டும் இல்லை.

நிரலும் சரியாகவே இருக்கலாம் என்று நினைக்கிறேன். சராசரியை எப்படிக் கணக்கிட்டீர்கள்?

உலைக்கூடம்_ஜூரோங் | வெள்ளி, இரவு 11.18

ஒவ்வொரு நிகழ்வுக்கும் பிறகு இருக்கும் மூலக்கூறு எண்ணிக்கையை ஒரு பட்டியலில் சேர்த்தேன். முடிவில் அனைத்தையும் கூட்டி, நிகழ்வுகளின் எண்ணிக்கையால் வகுத்தேன்.

எண்ணும்_எழுத்தும் | சனி, காலை 7.40

பிழை அங்கேதான் இருக்கிறது, ஐயா. நிகழ்வுக்கு ஒரு வரி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பாக்டீரியா வாழ்வது காலத்தில்.

செல்லில் 60 மூலக்கூறுகள் இருக்கும் நிலையைப் பாருங்கள். அழிவின் மொத்த வீதம் 6, கொத்து வரும் வீதம் 0.222, இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 6.222. எனவே அந்த நிலை சராசரியாகப் பத்து விநாடிகூட நீடிப்பதில்லை. மூலக்கூறே இல்லாத செல்லில் அழிய ஒன்றுமில்லை. அடுத்த கொத்து வரும்வரை அது சராசரியாக நாலரை நிமிடம் வெறுமையாகவே காத்திருக்கும். உங்கள் பட்டியலில் பத்து விநாடிக்கும் ஒரு வரி, நாலரை நிமிடத்துக்கும் ஒரு வரி. மூலக்கூறு மிகுந்த நிலைகளில் நிகழ்வுகள் அடுக்கடுக்காக நடப்பதால் அந்த நிலைகளே பட்டியலை நிரப்பிவிடுகின்றன.

எவ்வளவு பிறழும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். கொத்தாக உருவாகும் இம்மாதிரியில் விலக்க வர்க்கச் சராசரி (எண்ணிக்கை எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு, திட்ட விலக்கத்தின் வர்க்கம்), சராசரியை (1 + கொத்தின் சராசரி அளவு) ஆல் பெருக்கக் கிடைப்பது. அதாவது 20 பெருக்கல் 10, 200. எண்ணிக்கையின் வர்க்கச் சராசரி 400 + 200 = 600. நிகழ்வு வீதத்தால் எடையிட்ட சராசரி எனில், மேலே 0.222 × 20 + 0.1 × 600, அதாவது 64.4, கீழே 0.222 + 2, அதாவது 2.222. வகுத்தால் 29. நீங்கள் பெற்றது தற்செயலான எண் அன்று. பிழையான கேள்விக்குக் கிடைத்த துல்லியமான விடை. ஒவ்வொரு எண்ணிக்கையையும் அது நீடித்த கால அளவால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் காலத்தால் வகுங்கள்.

கொத்து இல்லாமல் ஒன்றொன்றாக உருவாகும் மாதிரியில் இதே பிழையைச் செய்திருந்தால் 20.5 வந்திருக்கும்; நீங்கள் அதைக் கவனிக்காமலே கடந்திருப்பீர்கள். கொத்துகள்தான் பிழையைக் காட்டிக்கொடுத்தன.

உலைக்கூடம்_ஜூரோங் | சனி, காலை 8.15

அக்கா, மிக்க நன்றி. மூன்று இரவுகள் தேடியதை ஒரு பத்தியில் காட்டிவிட்டீர்கள். ஆனால் இப்போது அதைவிடப் பெரிய ஐயம் எழுகிறது. சராசரி எப்படியும் 20தான் என்றால், ஒரு வரிச் சமன்பாடு தரும் விடைக்காக ஒரு மில்லியன் நிகழ்வுகளை ஓடவிடுவது எதற்காக?

நுண்ணுயிர்_மேசை | சனி, முற்பகல் 11.30

ஆய்வகத்தில் நாள்தோறும் பாக்டீரியாக்களோடு இருப்பவள் என்ற முறையில் இதற்கு நான் விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தக் கேள்வியை நானும் ஒருநாள் கேட்டிருக்கிறேன்.

முதலில் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈ. கோலை பாக்டீரியாவின் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு ஃபெம்டோலிட்டர், அதாவது ஒரு லிட்டரின் ஆயிரம் இலட்சம் கோடியில், பத்தின் பதினைந்தாம் அடுக்கில், ஒரு பங்கு. அதற்குள் ஒரு நானோமோலார் செறிவு (லிட்டருக்கு ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு) என்றால் 0.6 மூலக்கூறு. உங்கள் உலையில் நானோமோலார் என்பது ஒரு செறிவு. எங்கள் செல்லில் அது ‘இருக்கிறதா இல்லையா’ என்ற கேள்வி. லாக்டோஸ் நொதிகளின் மரபணுவை அடக்கி வைக்கும் புரதம் ஒரு செல்லில் பத்து என்ற அளவிலேயே இருக்கிறது.

இப்போது உங்கள் மாதிரிக்கு வருவோம். சராசரி 20ஆகவே இருக்கும் இரண்டு பாக்டீரியாக் கூட்டங்களை வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்தில் நொதி ஒன்றொன்றாக உருவாகிறது. எண்ணிக்கை பாய்சான் பரவலில் அமையும், திட்ட விலக்கம் 4.5. நொதியே இல்லாத செல் நூறு கோடிக்கு இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். இரண்டாம் கூட்டத்தில் உங்கள் மாதிரியைப் போலச் சராசரியாக ஒன்பது கொண்ட கொத்துகளாக உருவாகிறது. திட்ட விலக்கம் 14, நொதியே இல்லாத செல்கள் ஆயிரத்துக்கு ஆறு. அந்த நொதி ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி என்றால் ஆயிரத்துக்கு ஆறு செல்கள் அந்தக் கணத்தில் காப்பின்றி நிற்கின்றன. மறுபுறம் 60 மூலக்கூறு வைத்திருக்கும் செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. இரு கூட்டங்களுக்கும் சராசரி ஒன்றே, தலைவிதி வேறு. உங்கள் ஒரு வரிச் சமன்பாட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 1957ல் நோவிக்கும் வீனரும் செய்த சோதனையை எங்கள் துறையில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். லாக்டோஸைப் போன்ற ஒரு பொருளைக் குறைந்த அளவில் கொடுத்தபோது பாக்டீரியாக் கூட்டத்தின் நொதி அளவு மெல்ல மெல்ல உயர்ந்தது. ஒவ்வொரு செல்லும் மெல்ல உயர்ந்ததாக எண்ணத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு செல்லும் முழுமையாக நொதி உற்பத்தி செய்துகொண்டிருந்தது, அல்லது ஏறக்குறைய ஒன்றுமே செய்யாதிருந்தது. கூட்டத்தில் மெல்ல உயர்ந்தது முன்னவற்றின் விகிதம்தான். சராசரி காட்டிய ‘பாதி நொதி கொண்ட செல்’ எங்கும் இருக்கவில்லை.

உலைக்கூடம்_ஜூரோங் | சனி, பிற்பகல் 2.10

அப்படியானால் இதைத் தலைகீழாகவும் செய்யலாமே? ஆயிரம் செல்களில் நொதியை எண்ணி, விலக்க வர்க்கச் சராசரியைச் சராசரியால் வகுத்து ஒன்றைக் கழித்தால், ஒரு கொத்தில் எத்தனை மூலக்கூறு என்று தெரிந்துவிடும் அல்லவா?

நுண்ணுயிர்_மேசை | சனி, பிற்பகல் 3.45

அவ்வளவு விரைந்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் செல்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று இப்போதுதான் பிரிந்தது, இன்னொன்று பிரியப்போகிறது. ஒன்றில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் மிகுதி, மற்றொன்றில் குறைவு. இந்த வேறுபாடுகளும் பரவலை அகலமாக்கும். அந்த அகலம் முழுவதையும் கொத்தின் கணக்கில் எழுதினால் கொத்து இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

இதைப் பிரித்துக் காட்டிய சோதனை 2002ல் மைக்கேல் எலோவிட்ஸும் உடன் பணிபுரிந்தவர்களும் செய்தது. ஒரே வகைக் கட்டுப்பாட்டின் கீழ் இயங்கும் இரண்டு ஒளிரும் புரத மரபணுக்களை ஒரே ஈ. கோலை செல்லில் வைத்தார்கள், ஒன்று ஒரு நிறம், மற்றொன்று வேறு நிறம். செல்லின் பொதுவான நிலையே காரணம் என்றால் இரு நிறங்களும் சேர்ந்தே ஏறி இறங்கும். வினைகளின் தற்போக்கே காரணம் என்றால் ஒரே செல்லுக்குள் ஒரு நிறம் ஓங்கும், மற்றது தாழும். இரண்டும் காணப்பட்டன, இரண்டின் பங்கையும் தனித்தனியே அளக்க முடிந்தது. ஒரு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஈசூன்_வேதியாசிரியை | சனி, இரவு 9.00

நான் தொடக்கக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். கில்லெஸ்பியின் வழிமுறையைக் கணினியின்றிக் கையாலேயே மாணவர்களைச் செய்ய வைத்ததை இங்கே பகிர்கிறேன்.

மைலோ டின்னில் 20 சட்டைப் பொத்தான்கள். நிமிடத்துக்கு 2 பொத்தான் உள்ளே வரும். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 0.1 வீதத்தில் வெளியேறும். மொத்த வீதம் 2 + 2 = 4. ஒரு மாணவி கணிப்பானில் தற்போக்கு எண்ணை அழுத்தினாள்: 0.30. அதன் இயல்மடக்கையின் எதிர்க்குறி மதிப்பு 1.204, அதை 4 ஆல் வகுத்தால் 0.301 நிமிடம், அதாவது 18 விநாடி கழித்து ஏதோ ஒன்று நடக்கிறது. என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டாம் எண்: 0.62. அதை 4 ஆல் பெருக்க 2.48, இது 2ஐத் தாண்டிவிட்டது, ஆகவே வெளியேற்றம். பொத்தான் ஒன்று மேசைக்கு வந்தது, டின்னில் 19. இப்போது மொத்த வீதம் 3.9. அடுத்த எண் 0.75, 4.4 விநாடியில் அடுத்த நிகழ்வு. பிறகு 0.10, ஒன்று உள்ளே, மீண்டும் 20.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: “வீதம் குறைந்துவிட்டதே, பிறகு ஏன் அடுத்த நிகழ்வு விரைவாக வந்தது?” அன்றைய பாடத்துக்கு அதைவிடச் சிறந்த கேள்வி வேண்டியதில்லை. வீதம் காத்திருப்பின் சராசரியை மட்டுமே முடிவுசெய்கிறது. இந்த முறை எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

என் கேள்வி இதுதான். லெயோனோர் மிக்கேலிஸும் மோட் மென்டனும் 1913ல் கரும்புச் சர்க்கரையைப் பிளக்கும் நொதியை ஆராய்ந்து எழுதிய, வினைப்படு பொருள் கூடக் கூட நொதியின் வேகம் ஏறி ஓர் உச்சத்தில் நிறைவடைவதைக் காட்டும் சமன்பாட்டை இன்றும் கற்பிக்கிறோம். அது கோடானுகோடி நொதி மூலக்கூறுகளின் கூட்டு நடத்தை. ஒரே ஒரு நொதி மூலக்கூறு அந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுமா?

எண்ணும்_எழுத்தும் | ஞாயிறு, காலை 9.25

கட்டுப்படும், ஆனால் ஒரே ஒரு பொருளில் மட்டும். ஒற்றை நொதி ஒரு வினையை முடித்து அடுத்ததை முடிக்க எடுக்கும் நேரத்தைப் பலமுறை அளந்து சராசரி காணுங்கள். அந்தச் சராசரியின் தலைகீழி மிக்கேலிஸ்–மென்டன் வளைகோட்டிலேயே அமையும். ஒவ்வொரு காத்திருப்பும் எப்படிச் சிதறுகிறது என்பதைப் பற்றிச் சமன்பாடு வாய் திறப்பதில்லை.

ஒற்றை நொதியை மனிதர் கண்ணால் பார்த்த சோதனையை விவரிக்காமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. 1998ல் சன்னி ஷியேயின் குழுவினர் கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் என்னும் நொதியைக் கூழ்மத்துக்குள் நிறுத்தி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அந்த நொதியின் நடுவே இருக்கும் ஃபிளேவின் பகுதி ஆக்சிஜனேற்றம் பெற்ற நிலையில் ஒளிரும். கொலஸ்ட்ராலிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கி ஒடுக்கமடைந்ததும் அணைந்துவிடும். ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டதும் மீண்டும் ஒளிரும். ஒருமுறை அணைந்து ஒளிர்ந்தால் ஒரு வினைச்சுற்று முடிந்தது. ஒரே மூலக்கூறு தன் வேலையைச் செய்து முடிப்பதை ஒளியின் தாளமற்ற மினுக்கலாக எண்ண முடிந்தது. 2006ல் அதே குழுவினர் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியில் இன்னொன்றைக் கண்டார்கள். வினைப்படு பொருள் மிகுதியாக இருக்கும்போது காத்திருப்பு நேரங்கள் ஒற்றை வீதத்துக்கு அடங்காமல் நீண்ட வால் கொண்டிருந்தன, ஏனெனில் நொதியின் வடிவமே மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது. அப்போதும் சராசரி 1913ஆம் ஆண்டின் வளைகோட்டை விட்டு விலகவில்லை.

இதிலிருந்து உலைக்கூடம் ஐயாவுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், அடுத்த பயிற்சியில் இது வரும். மிக்கேலிஸ்–மென்டன் சூத்திரத்தை அப்படியே ஒரே படியின் வீதமாகக் கில்லெஸ்பி நிரலுக்குள் வைத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒற்றை நொதியில் பிணைவதற்குச் சராசரி 0.1 விநாடி, பிணைந்தது விளைபொருளாக மாறுவதற்குச் சராசரி 0.1 விநாடி, பிணைந்தது பிரிவதில்லை என்று கொள்வோம். சுற்றுக்குச் சராசரி 0.2 விநாடி. இரண்டு படிகளாக எழுதினால் திட்ட விலக்கம் 0.14 விநாடி, சூத்திரத்தை ஒரே படியாக வைத்தால் 0.2 விநாடி. சராசரி அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும். தற்போக்கின் அளவு பொய்யாகிவிடும். தற்போக்கை அறிவதற்காகவே இந்த வழிமுறையைக் கையில் எடுத்தவர் அந்த இடத்திலேயே அதை இழந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சராசரியே பிறழும் இடமும் இங்குதான் தொடங்குகிறது. வினைப்படு பொருள் எப்போதும் 10, அரைவேக மாறிலியும் (நொதி பாதி வேகத்தை எட்டும் பொருள் அளவு) 10 என்றால் நொதி தன் உச்ச வேகத்தில் பாதியில் இயங்கும். அதே பொருள் பாதி நேரம் 0 ஆகவும் பாதி நேரம் 20 ஆகவும் இருந்தால் சராசரி 10தான். ஆனால் வேகங்களின் சராசரி 0க்கும் மூன்றில் இரண்டுக்கும் நடுவே, அதாவது மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் முதல் பதிவில் தேடிய பொய்த்தல் இதுதான்.

பிளாட்டினக்_கட்டம் | ஞாயிறு, மாலை 5.50

உரையாடல் செல்லுக்குள்ளேயே நின்றுவிட்டதால், திண்ம வினையூக்கிகளில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். தம்பி, உங்கள் உலையில் ஒரு மோல் இருந்தால் சார்பு ஏற்ற இறக்கம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் சராசரிச் சமன்பாடு எண்ணிக்கை குறைவதால் மட்டும் தோற்பதில்லை. யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை மறந்தாலும் தோற்கும்.

1986ல் சிஃப், குலாரி, பர்ஷாத் ஆகியோர் தந்த மாதிரி ஒரு சதுரக் கட்டத் தாளில் அடங்கிவிடும். பரப்பு முழுவதும் கட்டங்கள். கார்பன் மோனாக்சைடு அமர ஒரு காலிக் கட்டம் போதும். ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து அமர வேண்டியதால் அதற்கு அடுத்தடுத்து இரண்டு காலிக் கட்டங்கள் வேண்டும். ஆக்சிஜன் அணுவும் கார்பன் மோனாக்சைடும் பக்கத்துக் கட்டங்களில் அமர்ந்துவிட்டால் உடனே கார்பன் டைஆக்சைடாகி வெளியேறும். வாயுவில் கார்பன் மோனாக்சைடின் பங்கு ஏறத்தாழ 0.39க்குக் கீழே இருந்தால் பரப்பு முழுவதையும் ஆக்சிஜன் மூடிவிடும், 0.525ஐத் தாண்டினால் கார்பன் மோனாக்சைடு மூடிவிடும். இடைப்பட்ட பகுதியில்தான் வினை ஓயாமல் நடக்கும். கட்டங்கள் எத்தனை கோடியாக இருந்தாலும் இதுவே நடக்கும். எந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எது என்று பாராமல் மூடிய பங்கின் சராசரியை மட்டும் வைத்து எழுதும் எளிய சமன்பாட்டில் முதல் மாற்றம், அதாவது 0.39இல் நிகழ்வது, தென்படுவதே இல்லை. அடுத்தடுத்த கட்டங்களை இணை இணையாகக் கணக்கில் எடுத்த பிறகுதான் தென்படுகிறது.

மாதிரியை மிகையாக நம்பவும் கூடாது. உண்மையான பிளாட்டினத்தில் ஆக்சிஜன் மூடிய பரப்பிலும் கார்பன் மோனாக்சைடு வந்து அமர்ந்துகொள்ளும் என்பதால், ஆக்சிஜன் முழுவதும் மூடி வினை நின்றுபோகும் அந்த முதல் வகை நச்சேற்றம் சோதனையில் அப்படியே காணப்படவில்லை. கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பெற்றுத் தந்த ஆய்வுகளுள் இதே வினையும் ஒன்று. பிளாட்டினப் பரப்பில் வினை தானாகவே ஏறி இறங்கி ஊசலாடுவதையும் சுருள் அலைகளாகப் படர்வதையும் அவருடைய குழுவினர் காட்டினார்கள். பெரிய பரப்பில் ஒழுங்காக ஊசலாடுவது, பிளாட்டின ஊசிமுனையில் சில நானோமீட்டர் அகலமே கொண்ட முகப்புகளில் தற்போக்காக ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவுகிறது. வாகனப் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கித் துகள்களும் நானோமீட்டர் அளவினவைதான் என்பதை மறவாதீர்கள்.

உலைக்கூடம்_ஜூரோங் | திங்கள், இரவு 10.35

ஒவ்வொருவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னதை இன்று படகுத்துறைப் பக்கம் நடந்தபோதும் எண்ணிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக என் சமன்பாடுகளில் இருந்த ‘மூடிய பங்கு’ என்ற ஒற்றை எழுத்துக்குள் இத்தனை அண்டை அயல் இருப்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நிரலில் மாறியது ஒரே வரி: எண்ணிக்கையை அது நீடித்த காலத்தால் பெருக்கிச் சேர்க்கிறேன். சராசரி 20.0, திட்ட விலக்கம் 14.1, மூலக்கூறே இல்லாமல் கழிந்த நேரம் 0.6 விழுக்காடு. வினைப்படு பொருளையும் இப்போது சேர்த்துவிட்டேன். நொதியின் வேலையைச் சூத்திரமாக வைக்காமல் பிணைதல், பிரிதல், மாறுதல் என்று தனித்தனிப் படிகளாகவே எழுதியிருக்கிறேன். நிரல் மிக மெதுவாக ஓடுகிறது. விடியும்வரை ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஈசூன்_வேதியாசிரியை | திங்கள், இரவு 10.50

காத்திருப்பு நேரங்களின் பட்டியலையும் சேமித்து வையுங்கள், ஐயா. வியாழக்கிழமை வகுப்பில் மாணவர்கள் பொத்தான்களால் பெறும் நேரங்களுக்குப் பக்கத்தில் அதை வரைந்து காட்ட விரும்புகிறேன்.